குறைந்த செலவில் கேமராவுக்கு உருமறைப்பு: டர்பன் வட்டாரத்தில் தொடங்குவோருக்கான வழிகாட்டி

காட்டு விலங்குகளையும் பறவைகளையும் தொலைவிலிருந்தே படம் எடுக்க உதவும் நீண்ட டெலிலென்ஸ் ஒன்றை எப்படியோ காசு சேர்த்து வாங்கிவிட்டு, அதற்கு மேல் செலவு செய்யக் கை வராமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நியோப்ரீன் என்னும் நுரை ரப்பரில் செய்து கடையில் விற்கும் லென்ஸ் உறை ஒன்றின் விலை, அதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் கூலியும் வரியும் சேரும்போது 1,000 ராண்டை எளிதில் தாண்டிவிடுகிறது. அதே வேலையைச் செய்யும் உறையைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கிடைக்கும் பழைய பொருள்களைக் கொண்டு 300 ராண்டுக்குள் நாமே செய்துகொள்ளலாம். ஆனால் இதுபற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை அமெரிக்க வேட்டைக்காரர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் சொல்லப்படும் ராணுவத் துணி இங்கே சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். அவற்றில் சொல்லப்படும் ஒட்டுநாடா நம் ஊர் வெயிலில் இளகி லென்ஸ் முழுவதும் பிசினாகிவிடும். எனவே இந்த வட்டாரத்துக்குப் பொருந்துகிறவற்றை மட்டும், செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே தருகிறேன்.

1. எதை மறைக்க வேண்டும் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்

விலங்குக்கு நம்மைக் காட்டிக்கொடுப்பவை பளபளப்பும், உருவத்தின் வெளிக்கோடும், அசைவும்தான். உறை போடுவதால் பளபளப்பு முழுமையாகவும் வெளிக்கோடு ஓரளவும் மறையும். அசைவை எந்தத் துணியும் முழுதாக மறைக்காது. ஆகவே இலைகளை அச்சு அசலாக அச்சிட்ட விலையுயர்ந்த துணியைத் தேடி அலைவதில் பயனில்லை என்பது என் கருத்து.

இம்பாலா, நயலா போன்ற குளம்புள்ள விலங்குகளின் கண்ணில் நிறம் அறியும் கூம்புகள் இரண்டு வகை மட்டுமே உள்ளன. சிவப்பையும் பச்சையையும் அவை நம்மைப்போல் பிரித்தறிவதில்லை. நீலம் மட்டும் அவற்றுக்கு நன்றாகத் தெரியும். பறவைகளுக்கு நான்கு வகைக் கூம்புகள் உண்டு. பல பறவைகள் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் காண்கின்றன. இதனால் நீலத் துணியை அறவே தவிர்த்துவிடுங்கள். பளிச்சென்ற வெண்மை தரும் சலவைத்தூள்களில் புற ஊதாக் கதிரை உள்வாங்கி நீல ஒளியாக வெளிவிடும் பொருள் கலந்திருப்பதால், உருமறைப்புத் துணியை வெறும் தண்ணீரிலோ அந்தப் பொருள் கலக்காத சோப்பிலோ மட்டும் அலசுங்கள். நீலம் போட்டு அலசும் வழக்கம் வேட்டியோடு நிற்கட்டும்.

பொருள் வாங்கக் கிளம்பும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். காலை ஏழு மணி வெயிலில், வீட்டிலிருக்கும் ஒருவரிடம் கேமராவைக் கொடுத்து முற்றத்தின் கோடியில் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் இருபது தப்படி தள்ளி நின்று, அவர் லென்ஸை மெதுவாகத் திருப்பும்போது எங்கெங்கே மின்னுகிறது என்று கவனியுங்கள். வெள்ளை நிற லென்ஸ் முழுதாகவே தெரியும். கருப்பு லென்ஸில், வெளிச்சம் நேரே விழாதபடி முனையில் மாட்டும் ஹூட்டின் விளிம்பு, உலோக வளையம், முக்காலியில் பொருத்தும் அடிப்பாதம், தோள்வாரில் மஞ்சளிலோ சிவப்பிலோ பின்னியிருக்கும் நிறுவனத்தின் பெயர், முக்காலிக் காலின் வெள்ளிநிறக் குழாய் ஆகியவை கண்ணைப் பறிக்கும். பிடித்திருப்பவரின் கைக்கடிகாரமும் மூக்குக்கண்ணாடியும்கூடச் சேர்ந்து மின்னும். மின்னுகிற இடங்களைக் குறித்துக்கொண்டால் வேலையின் அளவு தெரிந்துவிடும். சிலருக்கு லென்ஸ் முழுவதற்கும் உறை தேவைப்படாது. ஹூட்டுக்கும் வாருக்கும் துணி சுற்றினாலே போதும்.

2. சட்டமும் ஆவணங்களும்

தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டப்படி, ராணுவச் சீருடையை அனுமதியின்றி அணிவது மட்டுமல்ல, வைத்திருப்பதும் குற்றம். ஆகையால் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ராணுவச் சட்டையை வாங்கி வெட்டி உறை தைக்காதீர்கள். இங்கிருந்து காரிலேயே வடக்கே போக நினைப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஜிம்பாப்வேயிலும் ஜாம்பியாவிலும் பொதுமக்கள் ராணுவப் பாணி உருமறைப்பு ஆடை அணிவதற்குத் தடை உண்டு. சோதனைச் சாவடியில் அது தொப்பியா லென்ஸ் உறையா என்று வாதாடிக்கொண்டிருக்க முடியாது. ஒரே நிறத்தில் மங்கலான பழுப்பு அல்லது சாம்பல் பச்சைத் துணியை எடுத்து, அதில் கையால் திட்டுகள் போட்டுக்கொள்வதே எல்லா இடத்துக்கும் ஏற்றது. காட்டிலும் அது நன்றாகவே மறைக்கிறது.

உருமறைப்பில் எச்சரிக்கையாக இருக்கச் சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. காண்டாமிருகங்கள் உள்ள காப்பகங்களில் கள்ள வேட்டைக்காரர்களைத் தேடி ஆயுதமேந்திய காவலர்கள் இரவும் பகலும் சுற்றுகிறார்கள். புதருக்குள் உருமறைப்போடு பதுங்கியிருக்கும் மனிதனைத் தொலைவிலிருந்து பார்க்கும் காவலருக்கு அவன் கையில் இருப்பது லென்ஸா துப்பாக்கியா என்று தெரியாது. ஷ்லுஷ்லுவே–இம்ஃபொலோசி போன்ற இடங்களில், குறிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரைவிட்டு இறங்கவே கூடாது. அங்கே கருவியை மறையுங்கள், காரை மறைவிடமாகப் பயன்படுத்துங்கள். உங்களை மறைத்துக்கொண்டு வெளியே போகாதீர்கள்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, உறை போடுவதற்கு முன்பே கேமரா, லென்ஸ் இரண்டின் வரிசை எண்களையும் படம் எடுத்து வைத்துவிடுங்கள். உறை போட்ட பிறகு அந்த எண்கள் மறைந்துவிடும். திருட்டுப்போனால் காவல் நிலையத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முதலில் கேட்கப்படுபவை அவையே. வாங்கிய ரசீதின் நகலையும் அதோடு சேர்த்து வையுங்கள். ம்குசே காப்பகத்தின் பக்கம் போனவர்கள் பலர் அப்படியே கோலேலா எல்லையைத் தாண்டி எஸ்வாட்டினிக்கும் போய்வருவது உண்டு. அப்படிப் போகிறவர்கள் நாட்டைவிட்டு வெளியேறும்போதே சுங்க அலுவலரிடம் கருவிகளைப் பதிவு செய்துகொண்டால், திரும்பி வரும்போது இது இங்கிருந்து கொண்டுபோனதுதான் என்று நிரூபிப்பதில் தகராறு வராது. பதிவின்போது வரிசை எண்ணைக் காட்ட வேண்டியிருப்பதால், உறையைக் கழற்ற முடிகிற மாதிரி செய்திருப்பது அவசியம்.

காப்பக வாயிலில் உள்நாட்டாருக்கும் வெளிநாட்டாருக்கும் கட்டணம் வேறுபடுவதால் அடையாள அட்டையை மறக்காதீர்கள். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்காக வந்திருப்பவர்கள் கடவுச்சீட்டையும் வசிப்பிட அனுமதியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். வாயில் திறக்கும் நேரம் கோடையில் ஒன்றாகவும் குளிர்காலத்தில் ஒன்றாகவும் இருக்கும். முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். படங்களை விற்பனைக்காகவோ விளம்பரத்துக்காகவோ எடுப்பவர்கள் காப்பக நிர்வாகத்திடம் தனி அனுமதி பெற வேண்டும்.

3. பொருள்கள், செலவு, ஆகும் காலம்

டர்பன் அலைச்சறுக்கு நகரம் என்பதால் நமக்கு ஒரு வசதி உண்டு. அலைச்சறுக்குபவர்கள் உடம்போடு ஒட்டி அணியும் வெட்சூட்டுகள், கிழிந்துபோனவையாக இங்கே குப்பைபோல் கிடைக்கின்றன. கடையில் விற்கும் லென்ஸ் உறை எந்த நியோப்ரீனால் ஆனதோ வெட்சூட்டும் அதனால்தான் ஆனது. தரும அமைப்புகள் நடத்தும் பழைய துணிக் கடைகளில் சுமார் 50 முதல் 150 ராண்டுக்குள் கிடைக்கும். அலைச்சறுக்குப் பயிற்சி தருகிறவர்களிடம் கேட்டால் முழங்கால் தேய்ந்துபோன ஒன்றைச் சும்மாவே தந்துவிடுவார்கள். பெரியவர்களுக்கான, முழுக்கால் உள்ள, 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமன் கொண்டதாகப் பாருங்கள். கணுக்காலிலிருந்து முழங்கால் வரையிலான பகுதி பெரும்பாலான டெலிலென்ஸ்களுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் அமையும். மார்புப் பகுதியில் சில வெட்சூட்டுகளுக்கு மழமழப்பான ரப்பர் மேற்பரப்பு இருக்கும். அது பளபளக்கும், நகம் பட்டாலே கிழியும், ஆகவே வேண்டாம்.

சணல் துணி அல்லது பழைய காப்பிக்கொட்டைச் சாக்கு ஒரு மீட்டர் வேண்டும். நகரத்துக்குள் போனால், இன்னமும் எல்லாரும் கிரே ஸ்ட்ரீட் என்றே சொல்லும் டாக்டர் யூசுஃப் தாதூ தெருவின் துணிக்கடைகளில் துண்டுத் துணிகளைக் குவித்து மலிவாக விற்பார்கள். பழுப்பு, காக்கி, மங்கல் பச்சை நிறப் பருத்தித் துண்டுகளை அங்கே பொறுக்கிக்கொள்ளலாம். வெங்காயமும் ஆரஞ்சும் வரும் 10 கிலோ வலைப்பைகளை வீட்டில் தூக்கி எறியாமல் சேர்த்து வையுங்கள். வன்பொருள் கடையில் கீசர் குழாய்க்குச் சுற்றும் நுரைக்குழல் இரண்டு மீட்டரும், காண்டாக்ட் ஒட்டுப்பசை ஒரு சிறிய டின்னும், துணிக்குப் பூசும் அக்ரிலிக் சாயம் மூன்று நிறங்களில் சிறிய புட்டிகளும் வாங்க வேண்டும். இவற்றோடு குதிரைக்கும் நாய்க்கும் கட்டுவதற்காக விவசாயப் பொருள் கடைகளில் விற்கும், தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் கட்டுத்துணி ஒரு சுருள். இந்தக் கடைசிப் பொருளை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அதில் பசை கிடையாது, எத்தனை முறை கழற்றினாலும் லென்ஸில் கறை வைக்காது.

வேலை நேரம் என்று பார்த்தால் இரண்டு பிற்பகல்கள் போதும். காய்வதற்கான நேரத்தைத்தான் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. டர்பனின் டிசம்பர், ஜனவரி ஈரப்பதத்தில் சாயம் காய இரண்டு நாள் பிடிக்கும். பசையின் வாடை போக உறையை ஒரு வாரமாவது காற்றாட விட வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாகத் தொடங்குங்கள்.

4. லென்ஸ் உறை

லென்ஸை மேசைமேல் நிமிர்த்தி வைத்து, அதைத் தனித்தனிப் பகுதிகளாக மனத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். ஹூட், ஹூட்டுக்கும் முதல் வளையத்துக்கும் இடைப்பட்ட பகுதி, ஜூம் வளையத்துக்கும் ஃபோகஸ் வளையத்துக்கும் இடைப்பட்ட பகுதி, பின்பகுதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு. ஒரே நீளக் குழாயாக உறை செய்தால் வளையங்கள் திரும்பா. திரும்பினாலும் உறையும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்.

தையல் நாடாவால் ஒவ்வொரு பகுதியின் சுற்றளவையும் எடுத்து, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். சுற்றளவு 30 சென்டிமீட்டர் என்றால் 27 சென்டிமீட்டர் சுற்றுள்ள நியோப்ரீன் வேண்டும். அந்த இழுவையில்தான் உறை நழுவாமல் நிற்கும். வெட்சூட்டின் கால் கணுக்காலிலிருந்து மேலே போகப்போக விரிவதால், உங்களுக்கு வேண்டிய சுற்றளவு எந்த இடத்தில் வருகிறதோ அங்கே வெட்டினால் ஒட்டுவேலையே இல்லாமல் வளையமாகக் கிடைத்துவிடும். காலின் தையல் கோடு லென்ஸின் அடிப்பக்கம் வரும்படி அணிவியுங்கள்.

அளவு பொருந்தாத இடத்தில்தான் வெட்டி ஒட்ட வேண்டும், அதைச் சற்றுப் பொறுமையாகச் செய்ய வேண்டும். கத்தரிக்கோல் நியோப்ரீனை அமுக்கிக்கொண்டே வெட்டுவதால் விளிம்பு சரிவாகிவிடும். சரிந்த விளிம்புகள் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தா. புதிய பிளேடையும் இரும்பு அளவுகோலையும் வைத்து, ஒரே இழுப்பில் செங்குத்தாக வெட்டுங்கள். வெட்டிய விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு மெல்லிய துணிப் படலங்களுக்கு நடுவே கருப்பு நுரை, சின்னச் சின்னத் துளைகளோடு தெரியும். பசை அந்த நுரையில் ஊற வேண்டும். இரு விளிம்பிலும் மெல்லியதாகப் பசை தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்கு உலரும்வரை காத்திருந்து, நுரை பசையைக் குடித்துவிட்டதால் மறுபடி ஒருமுறை தடவி, அதுவும் உலர்ந்தபின் இரு விளிம்புகளையும் நுனியிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்த்து அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டிவிடுவதால்தான் பலருடைய உறை இரண்டாம் நாளே பிரிந்துபோகிறது. ஒட்டியதை ஒரு நாள் முழுதும் தொடாமல் வையுங்கள். இவை அனைத்தையும் காலி புட்டியின்மேலோ அட்டைச் சுருளின்மேலோ வைத்துச் செய்ய வேண்டும். பசை டின்னைத் திறந்த அறையில் லென்ஸே இருக்கக் கூடாது. சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பகுதியில் இருக்கும் ஃபோகஸ், நடுக்கக் குறைப்புப் பொத்தான்களுக்காக ஓட்டை போடாதீர்கள். மூன்று பக்கம் மட்டும் வெட்டி மடல்போல் விட்டால், தேவைப்படும்போது விரலால் தூக்கிக்கொள்ளலாம். தூசியும் உள்ளே போகாது. முக்காலி வளையத்தின் திருகை மூடிவிடக் கூடாது. 150–600 மில்லிமீட்டர் போன்ற லென்ஸ்களில் ஜூம் செய்யும்போது உள்ளிருந்து வெளியே நீளும் குழலுக்கு உறையே கூடாது. மடங்கும்போது உறை இடுக்கில் சிக்கி, ஜூம் இயங்கும் அமைப்பே பழுதாகலாம். ஹூட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பையில் வைக்கும் பழக்கமுள்ளவர்கள், உறை போட்ட பிறகும் அது திரும்பிப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பொருந்தாது, அதற்கேற்ற பெரிய பை வேண்டியிருக்கும்.

எதையும் லென்ஸில் நேரடியாக ஒட்டாதீர்கள். உத்தரவாதக் காலத்தில் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது பசைக் கறையைக் காரணம் காட்டித் தட்டிக்கழிக்க இடம் கொடுத்ததாகிவிடும். மூடிய காருக்குள் நடுப்பகலில் வைத்த ஒட்டுநாடாவின் பசை எப்படி இளகும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

5. நிறம்

வெட்சூட் பெரும்பாலும் கருப்பாக இருக்கும். கருப்பை அப்படியே விட்டுவிடலாமே என்று தோன்றும்; அடர்ந்த காட்டு நிழலில் விடலாம், திறந்த புல்வெளியில் அது கரிய ஓட்டைபோல் தெரியும். பாத்திரம் தேய்க்கும் பஞ்சைப் பிய்த்து, அதன் ஒழுங்கற்ற முகத்தால் சாயத்தை ஒற்றி எடுங்கள். தூரிகை வேண்டாம், அதன் கோடுகள் நேராக விழும். திட்டுகள் உள்ளங்கை அளவில் பெரிதாக இருக்கட்டும். சின்னப் புள்ளிகளாக வைத்தால், பத்துப் பதினைந்து மீட்டருக்கு அப்பால் அவை கலந்து ஒரே நிறமாகி, லென்ஸின் உருளை வடிவம் மறுபடி தெளிவாகிவிடும். ஒரு பகுதியில் தொடங்கும் திட்டு அடுத்த பகுதியிலும் தொடர வேண்டும். எனவே எல்லாத் துண்டுகளையும் அட்டைச் சுருளில் வரிசையாக மாட்டிவிட்டுச் சாயம் ஒற்றுங்கள்.

சூலுலாந்தில் நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலப் பச்சை; ஜூன் முதல் ஆகஸ்டு வரை புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறம். நியோப்ரீனுக்குப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் துணிப் படலம் இருப்பதால், ஒரு பக்கத்தில் மங்கல் பச்சையும் பழுப்பும், மறுபக்கத்தில் வைக்கோல் நிறமும் சாம்பலும் ஒற்றி, பருவத்துக்கேற்பத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். குளிர்காலத்தில் அலையாத்தி மீன்கொத்திக்காக பீச்வுட் அலையாத்திக்காட்டுக்குப் போகிறவர்களுக்கும் அந்தச் சாம்பல் பக்கமே சேற்றோடு ஒத்துப்போகும். சாயத்தை நிலைப்படுத்த இஸ்திரி போடச் சொல்லும் புட்டிக் குறிப்பை நியோப்ரீன் விஷயத்தில் மறந்துவிடுங்கள். சூடு பட்டால் நுரை சுருங்கிப்போகும்.

சணல் துணிக்கு விலைகொடுத்துச் சாயம் வாங்க வேண்டியதில்லை. தேயிலைத்தூளைக் கறுக்கக் கொதிக்கவைத்து, அதில் துணியை ஓர் இரவு ஊறவிட்டால் காய்ந்த புல்லின் பழுப்பு தானே வரும். வலைப்பைகள் பிளாஸ்டிக் என்பதால் சாயமும் ஏறாது, தேநீரும் ஏறாது. அவற்றுக்குப் பெயின்ட் தெளித்தாலும் உதிர்ந்துவிடும். வலையின் சொந்த நிறத்தை மாற்ற முயலாமல், துணிப் பட்டைகளால் மறைப்பதே வழி. அது ஏழாம் பகுதியில் வருகிறது.

6. முக்காலியும் கேமராவும்

கீசர் குழாய்க்கான நுரைக்குழல் நீளவாக்கில் ஏற்கெனவே கீறப்பட்டே வருகிறது. முக்காலியின் மேற்காலைவிட ஒரு சுற்றுச் சிறியதாக வாங்கி, கீறலைத் திறந்து மாட்டி, மேலே மூன்றாம் பகுதியில் சொன்ன, தானே ஒட்டிக்கொள்ளும் கட்டுத்துணியைச் சுற்றுங்கள். குளிர்காலக் காலையில் உலோகம் கையைச் சுடுவதுபோல் குளிரும் தொல்லையும் இதனால் தீரும். தோளில் வைத்து நடக்கும்போது எலும்பில் உறுத்தாது. கால்களை நீட்டும் பூட்டுகளுக்கு ஒரு விரற்கடை முன்பே உறையை நிறுத்திவிடுங்கள்.

கேமராவை முழுதாக மூட வேண்டாம். அது சூடாகும், நினைவக அட்டை, மின்கலக் கதவுகளைத் திறக்க நேரமாகும். நிறுவனத்தின் பெயர்மேல் ஒரு சுற்றுக் கட்டுத்துணி, வாருக்குப் பழுப்புத் துணிக் குழாய், அவ்வளவுதான். ஃபோகஸுக்கு உதவும் செவ்விளக்கையும், படம் எடுத்ததும் திரையில் தானே காட்டும் வசதியையும் அணைத்துவையுங்கள். அதிகாலை அரையிருட்டில் அந்தத் திரை முகத்தில் அடிக்கும் வெளிச்சம் எல்லா உறைகளையும் வீணாக்கிவிடும். பெயரும் பளபளப்பும் மறைந்து பழையதுபோல் தெரியும் கருவியை நகரத்துக்குள் இருக்கும் காடுகளில் திருடர்களும் சற்றுக் குறைவாகவே கவனிப்பார்கள் என்பது கூடுதல் ஆதாயம்.

7. மேலே போர்த்தும் வலை

மூன்று நான்கு வலைப்பைகளைப் பக்கவாட்டில் வெட்டி விரித்து, மீன்பிடி நரம்பால் ஒன்றோடொன்று கோத்தால் ஒன்றரை மீட்டர் சதுர வலை கிடைக்கும். சணலையும் பருத்தித் துண்டுகளையும் இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளப் பட்டைகளாகக் கிழித்து, வலைக்கண்ணில் ஒரு முடிச்சாகப் போடுங்கள். வெட்டாமல் கிழிப்பது நல்லது. பிசிறிய ஓரம் புல்லைப்போல் இருக்கும். நெருக்கமாகக் கட்டத் தேவையில்லை. நடுப்பகுதியில் லென்ஸ் வெளியே வர ஒரு கீறலும், அதன் விளிம்பில் எலாஸ்டிக்கும் வையுங்கள்.

சணல் ஓயாமல் நார் உதிர்க்கும். கட்டும் முன் இரண்டு மூன்று முறை அலசி, காய்ந்தபின் வெளியில் வைத்து நன்றாக உதறிவிடுங்கள். இந்த வலைக்கு அடியில் வைத்து ஒருபோதும் லென்ஸ் மாற்றாதீர்கள், சென்சாரில் நார் விழும். சணல் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் இறைச்சி சுடும் பிராய் அடுப்புக்குப் பக்கத்தில் காயப்போடுவதும் கூடாது. வெல்க்ரோ வைத்துத் தைக்கச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள்: அதைப் பிரிக்கும் ஒலி நயலா காதில் கட்டாயம் விழும். பொத்தான், நாடா, எலாஸ்டிக் போதும். எந்தத் துணியையும் வாங்கும் முன் காதருகே வைத்துக் கசக்கிப் பாருங்கள். சரசரத்தால் விட்டுவிடுங்கள்.

வலையில் உண்மையான இலைதழைகளைச் செருகினால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். பாதுகாக்கப்பட்ட காட்டில் கிளை ஒடிப்பதும் செடி பறிப்பதும் குற்றம். செருக வேண்டும் என்றால் வீட்டுத் தோட்டத்திலிருந்து காய்ந்த புல்லைக் கொண்டுபோகலாம்.

8. காரையே மறைவிடமாக்குதல்

நம் பக்கத்துப் பெரிய காப்பகங்களில் படம் எடுப்பது பெரும்பாலும் காருக்குள்ளிருந்துதான் என்பதால், மேற்சொன்ன எல்லாவற்றையும்விட இந்தப் பகுதிக்கு நேரம் ஒதுக்குவது பலன் தரும். விலங்குகள் வண்டிக்குப் பழகிவிட்டவை. வண்டிக்குள் அசையும் கைக்கும் முகத்துக்கும் பழகாதவை. ஆகவே இங்கே நீங்கள் மறைக்க வேண்டியது அசைவையே.

சன்னலைவிட எல்லாப் பக்கமும் ஒரு சாண் பெரிதான அடர்பழுப்புத் துணியை எடுத்து, மேல்விளிம்பைக் கதவுச் சட்டத்தில் வைத்துக் கதவைச் சாத்தினால் துணி அங்கேயே நிற்கும். நடுவில் லென்ஸ் நுழையவும், அதற்கு மேலே நீங்கள் பார்க்கவும் இரண்டு கீறல்கள். இவ்வளவும் பலர் செய்வதுதான். பலர் விட்டுவிடுவது எதிர்ப்பக்கச் சன்னலை. அந்தப் பக்கத்து வெளிச்சம் உள்ளே வருவதால், உங்கள் தலையும் தோளும் கருநிழலாக வெட்டித் தெரியும். நீங்கள் அசையும்போது அந்த நிழலும் அசையும். எதிர்ச்சன்னலையும் பின்சன்னலையும் கருந்துணியால் மூடிவிட்டால், முன்னால் திரை இல்லாவிட்டாலும்கூடப் பாதி வேலை முடிந்ததுபோல. வண்டியை நகர்த்தும் முன் எல்லாத் துணிகளையும் இறக்கிவிட வேண்டும். யானை இருக்கும் பகுதியில் எதிர்ப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மூடவே மூடாதீர்கள். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது ஆபத்து.

லென்ஸைத் தாங்க, பழைய காற்சட்டையின் ஒரு காலை வெட்டி இரு முனையும் தைத்துப் பீன்ஸ் மூட்டை செய்துகொள்ளுங்கள். நீல ஜீன்ஸ் வேண்டாம் என்பதை மறுபடி சொல்கிறேன். உள்ளே இரண்டு மூன்று கிலோ சுகர்பீன்ஸோ காய்ந்த பட்டாணியோ போடலாம். ஒருமுறை வண்டு வைத்தால் மூட்டை முழுதும் போய்விடும்; தானியத்தை மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தபின், நன்றாக ஈரம் காய்ந்ததும் நிரப்புங்கள். முக்கால் பாகம் நிரப்பினாலே லென்ஸ் அமிழ்ந்து உட்காரும், முட்டமுட்ட நிரப்பினால் உருளும். படம் எடுக்கும்போது எஞ்சினை அணைத்துவிடுங்கள், இல்லையேல் அதன் அதிர்வு மூட்டை வழியாகவே லென்ஸுக்கு ஏறும்.

நிறுத்திய காரில் லென்ஸை வெயில் படும் இருக்கையில் வைத்துவிட்டு வராதீர்கள். கருமையான உறை வெயிலை உறிஞ்சும். லென்ஸைச் சில நிறுவனங்கள் வெள்ளையாகச் செய்வதே சூடு ஏறாமலிருக்கத்தான். நடுப்பகலில் உறைமேல் ஒரு வெள்ளைத் துவாலையைப் போர்த்தி வைத்து, விலங்கு தென்படும்போது எடுத்துவிட்டால் போதும். குரங்குகள் நடமாடும் உணவு இடங்களில் சன்னலைத் திறந்து வைத்துவிட்டு இறங்கினால் பீன்ஸ் மூட்டை திரும்பக் கிடைக்காது.

9. கட்டப்பட்ட மறைவிடங்களில்

ம்குசேயின் குமசிங்கா மறைவிடம் போன்ற மரப்பலகைக் குடில்களில், குறிப்பாக வறண்ட குளிர்கால மாதங்களில், தண்ணீருக்கு வரும் விலங்குகள் மிக அருகில் நிற்கும். உங்களுக்குப் பின்னால் இருப்பது இருண்ட பலகைச் சுவர் என்பதால், அங்கே இலைப்பச்சையைவிடக் கருமையே நன்றாக மறைக்கும். கருநிறச் சட்டையும் திட்டு ஒற்றாத கருப்பு உறையும் போதும். வலையை விரித்து மற்றவர்களின் பார்வையை மறைக்க வேண்டாம். லென்ஸின் முனையைத் திறப்புக்கு வெளியே நீட்டாமல் ஒரு சாண் உள்ளேயே வைத்துக்கொண்டால் ஹூட்டின் மினுமினுப்பும் அசைவும் தெரியாது. டிராக்கன்ஸ்பர்க்கின் ஜயன்ட்ஸ் காசில் பிணந்தின்னிக் கழுகு மறைவிடத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே இடம் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அதை முதலில் முடித்துவிட்டுப் பின்பு உறை வேலையைத் தொடங்கலாம்.

10. திரும்பி வந்த பிறகு

கடற்கரை ஈரப்பதத்தில் நியோப்ரீன் உறையோடு லென்ஸை வாரக்கணக்கில் அலமாரியில் வைத்தால் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். பயணம் முடிந்த அன்றே உறையைக் கழற்றி நிழலில் உலர்த்துங்கள். லென்ஸைச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் தனியாக வையுங்கள். உறையையும் வலையையும் துணி அலமாரியில் வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை போடும் அறையிலும் வேண்டாம், அந்த மணம் சணலில் மாதக்கணக்கில் நிற்கும். வண்டிக் கொட்டகையில் ஒரு கொக்கியில் தொங்கவிட்டால் போதும்.

தரையில் விரித்த வலையில் உண்ணிகள் ஏறியிருக்கும். இந்த வட்டாரத்தில் உண்ணிக் காய்ச்சல் இருப்பதால், வலையை வீட்டுக்குள் கொண்டுவரும் முன் வெயிலில் விரித்து முடிச்சு முடிச்சாகப் பாருங்கள். உங்கள் காலுறை விளிம்பையும் இடுப்புப் பட்டைக்கு அடியையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சில நாள் கழித்துத் தலைவலியோடு காய்ச்சலும், கடித்த இடத்தில் கருப்புப் பொருக்கும் கண்டால், புதர்க்காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.